முகாமுக்கு உதவப் போகிறவர்களுக்கு

நெல்லைச் சீமையில் இலங்கைத் தமிழர் முகாம் எங்கோ காட்டுக்குள் இல்லை. கோபாலசமுத்திரத்தில் ஒன்று இருக்கிறது, ராதாபுரம் பக்கம் சமூகரெங்கபுரத்தில் ஒன்று இருக்கிறது. 1983 முதல் பல கட்டமாகப் படகேறி, கரை இறங்கி, ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, அங்கிருந்து மாவட்டம் மாவட்டமாகப் பிரித்து அனுப்பப்பட்டவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே குடியிருக்கிறார்கள். கடலைத் தாண்டி 40 வருஷம் ஆகியும் காகிதத்தில் அவர்கள் இன்னும் எல்லையில்தான் நிற்கிறார்கள். 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாட்டிலிருந்து வந்தவர்களைப் பற்றியது; இலங்கை அதில் இல்லை.

பாளையங்கோட்டை, சேரன்மகாதேவி, வள்ளியூர் போன்ற ஊர்களில் ஐந்தாறு பேர் சேர்ந்து, கையில் கொஞ்சம் பணத்தோடு, ‘ஏதாவது செய்யணும்’ என்று கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். அரிசி மூட்டையோடு வண்டி எடுக்கும் முன் படித்துவிடுங்கள்.

முதலில் ஒரு சொல். 2021 ஆகஸ்டிலிருந்து அரசுப் பெயர் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’. ரசீதிலோ பேனரிலோ ‘அகதி முகாம்’ என்று போடாதீர்கள். பேனரே வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

அனுமதி

மாவட்டத்தில் முகாம் வருவாய்த் துறை அதிகாரிகளின் பொறுப்பில் இருக்கிறது. உளவு வேலை பார்க்கும் கியூ பிரிவு போலீசும் கவனிக்கும். வெளியாள் நினைத்தபோது உள்ளே போய்க் கூட்டம் போட முடியாது. மாவட்ட ஆட்சியர் பெயருக்கு ஒரு பக்கத்தில் மனு எழுதுங்கள். வருகிறவர்கள் யார், எத்தனை பேர், எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, என்ன பொருள், எத்தனை எண்ணம், வண்டி எண் என்ன, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். வருகிற ஒவ்வொருவரின் அடையாள அட்டை நகலையும் இணையுங்கள். திங்கள்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் மனு எண்ணோடு ரசீது கிடைக்கும். அதை வைத்துப் பின்தொடரலாம். நகல் ஒன்றை முகாம்களைக் கவனிக்கும் வட்டாட்சியரிடம் நேரில் கொடுங்கள். பத்துப் பதினைந்து நாளாவது கையில் வைத்துக்கொண்டு தேதி குறியுங்கள்.

போலீசிலிருந்து போன் வந்தால் பதற வேண்டாம். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லுங்கள். மனுவில் ‘நோட்டுப் புத்தகம்’ என்று எழுதிவிட்டு, போகும்போது மருத்துவ முகாமும் சேர்த்து நடத்துவது, ஆறு பேர் என்று சொல்லிவிட்டு இருபது பேர் வேனில் இறங்குவது, இவைதான் சிக்கலாகும். உங்களுக்கு ஒரு அதட்டலோடு போய்விடும். விசாரணைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பது முகாம் தலைவரும் அங்கே குடியிருப்பவர்களும்.

முதல் தடவை

இரண்டு பேர் போனால் போதும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். பொருள் எதுவும் கொண்டு போகாதீர்கள். ஆண்கள் பெரும்பாலும் பெயிண்டிங், கொத்து வேலைக்குக் காலையிலேயே கிளம்பிவிடுவார்கள். ஞாயிறு மாலை நாலு மணி நல்ல நேரம். அதிகாரிகள் வந்து ஆள் கணக்கெடுக்கும் நாளில் போகாதீர்கள். அன்று ஆள் இல்லாவிட்டால் அந்த மாத உதவித்தொகைக்கே மோசம் வரும் என்பதால் எல்லாரும் அந்தக் கவலையில் இருப்பார்கள். வெளியூர் வேலைக்குப் போனவர்கள்கூட அன்றைக்குத் திரும்பி வந்து நிற்பார்கள்.

தொகை எவ்வளவு என்று தெரிந்துகொண்டு போங்கள். 2021-இல் உயர்த்திய கணக்குப்படி குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் 3,500. ‘அரசாங்கம்தான் எல்லாம் கொடுக்குதே’ என்று உங்கள் குழுவில் யாராவது சொன்னால் இந்தக் கூட்டலைக் காட்டுங்கள்.

முகாம் தலைவரைப் பார்ப்பது முறை. ஆனால் அவரோடு நிறுத்தாதீர்கள். மகளிர் குழு அக்காமார் இருவர், பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகள் இருவர், தனியாக இருக்கும் வயதானவர் ஒருவர், இவர்களிடமும் பேசினால்தான் முழுப் படம் கிடைக்கும். கணவனை இழந்த பெண்கள், வழக்கில் சிக்கியவரின் வீடு, இந்தியரைக் கட்டிக்கொண்ட பெண்ணின் வீடு ஆகியவை பட்டியலில் விடுபடக்கூடிய வீடுகள். பெயர் சொல்லிக் கேளுங்கள். முகாமுக்கு வெளியே வாடகை வீட்டில் இருந்துகொண்டு காவல் நிலையத்தில் பதிந்திருக்கும் குடும்பங்களும் உண்டு. அவர்களுக்கு மாதத் தொகை கிடையாது, யார் கண்ணிலும் படுவதும் இல்லை.

பேச்சில் எல்லாருக்கும் ‘நீங்க’தான். பெரியவர்களை ஐயா, அம்மா என்றும் நடுவயதினரை அண்ணன், அக்கா என்றும் கூப்பிடுங்கள். அவர்கள் ‘கதைப்போம்’ என்றால் பேசுவோம் என்று அர்த்தம். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் நம்மைப் போல ‘ஏல’ என்றும் வீட்டில் பாட்டியிடம் யாழ்ப்பாணப் பேச்சும் பேசுவார்கள். அதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள், செய்துகாட்டச் சொல்லாதீர்கள். சாப்பாட்டிலும் இப்படி ஒன்று உண்டு. நமக்குச் சொதி என்றால் மறுவீட்டு விருந்தில் பாசிப்பருப்பும் காய்கறியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வைப்பது. அவர்களுக்குச் சொதி என்றால் பச்சை மிளகாய், வெங்காயம், மஞ்சள் போட்ட தண்ணீரான தேங்காய்ப்பால், இடியப்பத்துக்கு. ‘சொதி வைக்கலாமா’ என்று இரு பக்கமும் தலையாட்டிவிட்டுச் சாமான் வாங்கினால் இரண்டு விதமாகத்தான் வாங்குவீர்கள்.

பட்டியல்

200 பக்க நோட்டு ஒன்று போதும். ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். வீட்டு எண், எத்தனை பேர், வயது (2 வரை, 3–5, 6–17, 18–59, 60-க்கு மேல்), கர்ப்பிணி உண்டா, சுகர், பிரஷர், வலிப்பு போன்றவற்றுக்குத் தொடர்ந்து மாத்திரை சாப்பிடுகிறவர் உண்டா, நடக்க முடியாதவர் உண்டா, கூரை எங்கே ஒழுகுகிறது என்று எழுதுங்கள். கடைசியில் ‘இவங்க கேட்டது’ என்று நாலு வரி இடம் விடுங்கள். அவர்கள் சொன்னதை அவர்கள் சொல்லிலேயே எழுதுங்கள்.

இந்த நோட்டு ஒரே பிரதிதான். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடக் கூடாது. அடையாள அட்டை எண், இலங்கையில் உள்ள உறவினர் விவரம் எதுவும் இதில் வேண்டாம்.

பொருள் கொடுப்பதென்றால் இந்த மாதக் குடும்ப எண்ணிக்கையைக் கேட்டு, அதோடு ஐந்து கூடுதலாக வாங்குங்கள். வேலைக்குப் போனவர், பிரசவத்துக்குப் போனவர், புதிதாகத் தனிக் குடித்தனம் வந்தவர் என்று கடைசி நேரத்தில் எண்ணிக்கை மாறும். 80 வீட்டுக்கு 60 பொருள்தான் இருக்கிறதென்றால் கொண்டு போகாதீர்கள். அல்லது மகளிர் குழுவிடம் முன்கூட்டியே சொல்லி யாருக்கு என்று அவர்களே முடிவு செய்யட்டும். வரிசையில் நிறுத்திக் கொடுப்பது வேண்டாம். வீட்டு எண் வரிசைப்படி வாசலில் போய்க் கொடுங்கள். படமும் வேண்டாம். இலங்கையில் அண்ணன் தம்பி இருக்கிறவர்களுக்குப் படம் வெளியே போவதே பயம். வாங்கும்போது எடுத்த படத்தைப் பிள்ளைகளோடு படிக்கிறவர்கள் பார்த்தால் அது வேறு வலி.

பழைய துணி சேகரிக்காதீர்கள். பத்து மூட்டை வந்தால் உடுத்தக்கூடியது ஒரு மூட்டை தேறும். மிச்சத்தைக் கழித்துக்கட்டும் வேலை முகாமுக்குப் போய்ச் சேரும். துணி கொடுக்க ஆசையென்றால் அளவு கேட்டுப் புது உள்ளாடை வாங்குங்கள். கேட்கக் கூச்சப்பட்டே பலர் விட்டுவிடும் பொருள் அது. சானிட்டரி நாப்கினும் அப்படித்தான். பெண்கள் வழியாகக் கேட்டு, பெண்கள் கையால், கறுப்புக் கவரில் அல்லாமல் மற்றச் சாமானோடு சாமானாகக் கொடுங்கள்.

காகிதக் கோப்பு

இங்கேதான் எங்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அரிசி தீர்ந்தால் அடுத்த மாதம் வரும். ஒரு பிறப்புச் சான்றிதழ் தொலைந்தாலோ தப்பாக எழுதப்பட்டாலோ அதன் பின்விளைவு அந்தப் பிள்ளையின் கல்யாணம் வரைக்கும் வரும். 100 ரூபாய் வாக்கில் கிடைக்கும் 20 பை கொண்ட பிளாஸ்டிக் கோப்பு, குடும்பத்துக்கு ஒன்று. அதுதான் நீங்கள் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய பொருள்.

கோப்பில் வரிசை இப்படி இருக்கட்டும்: முதல் பையில் முகாம் குடும்ப அட்டையும் அடையாள அட்டையும். இரண்டாவதில் மண்டபத்தில் பதிந்தபோது கொடுத்த சீட்டு, எவ்வளவு கிழிந்திருந்தாலும். மூன்றாவதில் பெற்றோரின் இலங்கைப் பிறப்புச் சான்று. நாலாவதில் திருமணச் சான்று. ஐந்தாவதிலிருந்து பிள்ளைக்கு ஒரு பை: பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை, மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல். கடைசிப் பைகளில் வழக்கு, ஆஸ்பத்திரிக் காகிதங்கள். அசல் கோப்பிலும் இரண்டு நகல் தனிக் கவரிலும் இருக்க வேண்டும். லேமினேட் செய்யாதீர்கள், பின்னால் முத்திரை வைக்கவோ சரிபார்க்கவோ கொடுத்தால் சங்கடமாகும். வெள்ளம் வந்தால் தூக்கிக்கொண்டு ஓட வசதியாக, கோப்பு முழுவதையும் ஜிப் வைத்த தடித்த பாலிதீன் பையில் போட்டு, கதவுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு மேலே ஆணியில் மாட்டிவைக்கச் சொல்லுங்கள். பீரோவுக்கு அடித்தட்டில் வைக்கிற பழக்கம் பல வீட்டில் உண்டு. தண்ணீர் முதலில் நுழைவது அங்கே.

கோப்பு போடும்போதே ஒவ்வொருவரின் பிறந்த தேதியையும் பாருங்கள். இந்தியாவில் 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். 1983-க்கும் 1987-க்கும் இடையில் முகாமில் பிறந்தவர்கள் இதில் வருவார்கள். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த பெண் ஒருவர் வழக்குப் போட்டு, பாஸ்போர்ட் வழங்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது. இப்படி ஒருவர் உங்கள் பட்டியலில் இருந்தால் முதல் வேலை அவருடைய பிறப்புப் பதிவைத் தேடுவது. பிறந்த ஊரின் உள்ளாட்சி, ஆஸ்பத்திரி, சார்பதிவாளர் அலுவலகம் மூன்றிலும் எழுத்தில் மனுக் கொடுங்கள். ‘பதிவு இல்லை’ என்றால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். பதிவு இல்லாவிட்டால் ஒரு வருஷம் தாண்டிய பிறப்பைப் பதிவு செய்யக் கோட்டாட்சியர் வழியாக உத்தரவு வாங்க வேண்டும்.

1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். அதற்குப் பின் பிறந்தவருக்கு நிபந்தனை இன்னும் இறுக்கம்: இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதமாக வந்தவர் அல்லாதவராகவும் இருக்க வேண்டும். முகாமில் பிறந்த இளம் பிள்ளைகளில் மிகப் பலர் இந்த இரண்டுக்குள்ளும் வரமாட்டார்கள். அவர்கள் இலங்கைக் குடியுரிமையையாவது கையில் வைத்திருக்க வேண்டுமென்றால், சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். இந்தியப் பிறப்புச் சான்று, பெற்றோரின் இலங்கைப் பிறப்புச் சான்று, திருமணச் சான்று ஆகியவை அடிப்படை. பெற்றோரின் இலங்கைச் சான்று இல்லாவிட்டால் அங்கே இருக்கும் உறவினர் பிரதேச செயலகத்தில் பிரதி எடுத்து அனுப்பலாம். பிறந்த தேதி, ஊர், பெற்றோர் பெயர் சரியாக இருந்தால்தான் புத்தகத்தில் தேடி எடுப்பார்கள். ‘பதிஞ்சா திரும்ப அனுப்பிருவாங்களோ’ என்ற பயம் சிலருக்கு உண்டு. முடிவு அவர்களுடையது, வழியை மட்டும் சொல்லுங்கள், வற்புறுத்தாதீர்கள்.

இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பம் என்றால் இன்னொன்றும் கேளுங்கள். அவர்களுடைய பாட்டன் பூட்டன் திருநெல்வேலி, மதுரை, திருச்சி பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள். தோட்டத் தமிழரில் யாருக்கு எந்த நாட்டுக் குடியுரிமை என்று பிரித்த 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தை ஒட்டி விண்ணப்பித்த சீட்டு, பழைய கடவுச்சீட்டு, தோட்டத்துப் பதிவு எது டிரங்குப் பெட்டியில் கிடந்தாலும் எடுத்துக் கோப்பில் வையுங்கள். இந்திய வம்சாவளி என்று காட்ட அது பிற்பாடு உதவலாம்.

பெயர் எழுத்து

எல்லாவற்றிலும் அதிகம் கெடுவது ஆங்கில எழுத்துக்கூட்டல். தமிழ்ச்செல்வி என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே ‘ழ’வுக்கு இசட்டும் எச்சும் போடுவோம், இலங்கைக் காகிதத்தில் ஒற்றை எல் இருக்கும். அங்கே ‘த’வுக்கு டியோடு எச்சும் சேர்ப்பார்கள், இங்கே சில இடத்தில் எச் இருக்காது. அம்மாவின் பெயர் இலங்கைச் சான்றில் ஒரு விதம், முகாம் அட்டையில் ஒரு விதம், பிள்ளையின் பிறப்புச் சான்றில் மூன்றாவது விதம் என்றால் தூதரகத்திலும் கல்லூரியிலும் ‘இது ஒரே ஆள் என்று காட்டு’ என்பார்கள். இனிஷியலும் அப்படியே. அங்கே அப்பா பெயரை முழுதாக முன்னால் போடுவார்கள், இங்கே ஒரு எழுத்தாகச் சுருக்குவார்கள்.

இதைப் பிரசவத்துக்கு முன்பே தடுக்கலாம். கர்ப்பம் என்று தெரிந்ததும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் வாங்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் பிறப்புப் பதிவுக்கு அந்த எண் கேட்பார்கள். பிறகு ஒரு தபால் அட்டை அளவுக் கெட்டித்தாளில், அப்பா பெயர், அம்மா பெயர் இரண்டையும் இலங்கைச் சான்றில் உள்ளபடியே, எழுத்துக்கு ஒரு கட்டமாக, பெரிய ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். கீழே தமிழில் எழுதுங்கள். முகவரியும் எழுதுங்கள். அந்த அட்டையைக் கர்ப்பிணிப் புத்தகத்தின் உள்ளட்டையில் பின் அடித்துவிடுங்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் நள்ளிரவு வலியில் கிடக்கும் பெண்ணிடம் பெயர் கேட்டால் காதில் விழுந்ததை எழுதுவார்கள். அட்டை இருந்தால் பார்த்து எழுதுவார்கள்.

பிறந்து 21 நாளுக்குள் பதிவு இலவசம். பிள்ளைக்குப் பெயர் முடிவாகவில்லை என்றாலும் பிறப்பைப் பதிந்துவிடலாம். பெயரை ஒரு வருஷத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பல இடங்களில் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றுதான் ஆதாரம் என்று சட்டமே சொல்கிறது. ஆகவே இனி தள்ளிப்போட வழி இல்லை.

செய்யக் கூடாததையும் சொல்ல வேண்டும். ஆதார் குடியுரிமைச் சான்று ஆகாது. ‘ஆதார் இருக்குல்ல, வோட்டர் ஐடி எடுத்திரலாம், பாஸ்போர்ட் எடுத்திரலாம்’ என்று சொல்லும் ஏஜெண்டை நம்பி விண்ணப்பித்தால் வழக்காகி ஜெயிலுக்குப் போவது அந்த இளைஞன்தான். கல்லூரி விண்ணப்பத்தில் ‘நாடு’ என்ற கட்டத்தில் உதவி செய்கிற நாமே அவசரத்தில் ‘இந்தியர்’ என்று நிரப்பிவிடுவதும் இதே ரகம். சட்ட விஷயத்தில் நீங்களாக ஆலோசனை சொல்லாதீர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அழைத்துப் போங்கள், தொலைபேசி 15100. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இனக் கலவரத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் இலவச வக்கீல் உதவி பெற அந்த ஆணைக்குழுவுக்கான சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

ஐப்பசி முதல் மார்கழி வரை

2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதையும் தாமிரபரணி ஊருக்குள் வந்ததையும் யாரும் மறக்கவில்லை. அந்த மாதிரி மழைக்கு முகாமில் ஆயத்தம் புரட்டாசியிலேயே முடிந்திருக்க வேண்டும்.

புது வீடுகள் கட்டிக் கொடுத்த இடத்தில் கூரைக் கவலை குறைவு. பழைய பத்துக்குப் பத்து அடி வீட்டில் ஷீட் கூரைதான். அதற்குத் தார்ப்பாய் 18-க்கு 15 அடி, கனம் 200 ஜிஎஸ்எம்முக்குக் குறையாமல் வாங்குங்கள். பத்தடிக்குப் பத்தடி வாங்கினால் சுவரோரம் முழுக்க நனையும். எல்லாப் பக்கமும் ஒன்றரை அடியாவது வெளியே தொங்க வேண்டும், சரிவுக்கும் இடம் வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் ஆணி அடிக்கவோ துளை போடவோ கூடாது. தூசி நெஞ்சுக்குக் கெடுதல், வெடிப்பும் விழும். அதன் மேல் ஏறி நிற்கவும் கூடாது. கயிற்றின் இரண்டு நுனியிலும் மணல் பை கட்டி, ஏணியில் நின்றபடி கூரைக்குக் குறுக்கே போடுங்கள். வீட்டுக்கு நாலு கயிறு. தை பிறந்ததும் கழற்றிக் காயவைத்து மடித்துவிட வேண்டும். ராதாபுரம் பக்கம் காற்றாலை நட்டிருப்பதே அங்கே அடிக்கும் காற்றுக்காகத்தான். வைகாசி, ஆனியில் கூரையில் கிடக்கும் தார்ப்பாய் நாராகக் கிழிந்துவிடும்.

படுக்க என்று பத்தமடைப் பக்கத்துக் கோரைப்பாய் வாங்கத் தோன்றும். வெயிலுக்கு அருமை. ஈரத் தரையில் நாலே நாளில் பூஞ்சை பிடிக்கும். மழைக்குப் பிளாஸ்டிக் பாய்தான்.

தண்ணீர் புகுந்து பள்ளிக்கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ தங்க வேண்டி வந்தால், குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளுக்கு 15 லிட்டர் என்று கணக்கு வையுங்கள். 20 பேருக்கு ஒரு கழிப்பறை, பெண்களுக்குத் தனியாக, விளக்கு எரிகிற இடத்தில். விளக்கு இல்லாத கழிப்பறைக்குப் போகப் பயந்து பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுவார்கள்.

1,000 லிட்டர் தொட்டிக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 4 கிராம். நகைக்கடை மாதிரிச் சின்னத் தராசு வைத்து நிறுங்கள். கைப்பிடி அளவு வேண்டாம். பவுடரை நேராகத் தொட்டியில் கொட்டாமல், பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, இன்னும் தண்ணீர் சேர்த்துக் கலக்கி, கால்மணி நேரம் தெளியவிட்டு, மேலே உள்ள தெளிவை மட்டும் ஊற்றுங்கள். தொட்டி பாதி நிரம்பும்போது ஊற்றினால் மீதித் தண்ணீர் விழுகிற வேகத்தில் தானே கலந்துகொள்ளும். அரைமணி நேரம் கழித்துத்தான் குழாய் திறக்க வேண்டும். கலங்கல் தண்ணீரில் குளோரின் வேலை செய்யாது. சேற்றோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும். முதலில் நாலு மடிப்புத் துணியில் வடிகட்டி, படிகாரம் போட்டுத் தெளியவைக்க வேண்டும். கிராமத்தில் தேத்தாங்கொட்டை உரசித் தெளியவைப்பதும் இதே வேலைதான். ஆனால் தெளிந்த பிறகும் குளோரின் வேண்டும். திறந்து பல மாதம் ஆன பவுடரில் மூக்கை எரிக்கும் வாடை இல்லையென்றால் அதில் சத்து இல்லை. பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டரிடம் குளோரின் பார்க்கும் பெட்டி இருக்கும். கடைசிக் குழாயில் 0.5 காட்டினால் நிம்மதி, 0.2-க்குக் கீழே என்றால் மறுபடி போட வேண்டும்.

சமையலை முகாம் பெண்களும் ஆண்களும் கையில் எடுக்கட்டும். நீங்கள் சாமானும் கேசும் பாத்திரமும் பாருங்கள். 100 பேர் காலைப் பொங்கலுக்குப் பச்சரிசி 7 கிலோ, பாசிப்பருப்பு இரண்டரைக் கிலோ, மிளகும் சீரகமும் தலா 100 கிராம், இஞ்சி 150 கிராம், எண்ணெயும் நெய்யுமாக ஒரு லிட்டர், உப்பு 400 கிராமில் தொடங்கிப் பார்த்துச் சேர்க்க வேண்டும். மதியத்துக்குத் தட்டு ஒன்றில் முடிகிற சாம்பார் சாதம் நல்லது: அரிசி 8 கிலோ, துவரம்பருப்பு 3 கிலோ, காய் 6 கிலோ, புளி 500 கிராம், சாம்பார்ப் பொடி 500 கிராம். உப்புத் தண்ணீர் ஊரில் துவரம்பருப்பு எவ்வளவு நேரம் கொதித்தாலும் மலராது. வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துப் போடுங்கள், அல்லது பாசிப்பருப்புக்கு மாறுங்கள். பருப்பு மலரும் முன் புளி ஊற்றினால் அன்றைய சாம்பார் போச்சு.

தேங்காய்தான் நம் ஊர்ச் சமையலின் உயிர். ஆனாலும் வெள்ளச் சமையலில் தேங்காய்ச் சட்னியும் அரைத்துவிட்ட குழம்பும் வேண்டாம், முதலில் கெடுவது அதுதான். சமைத்து நாலு மணி நேரத்துக்குள் பரிமாறி முடிக்க வேண்டும். சுடச்சுடப் பாலிதீனில் கட்டி அடுக்கினால் ஆவி உள்ளேயே நின்று புளித்துவிடும். பாக்குமட்டைத் தட்டோ அவரவர் வீட்டுத் தூக்குச்சட்டியோ மேல். தலைக்கு ஒரு அவித்த முட்டை போட முடிந்தால் போடுங்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டருக்கான ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுக்கும் தப்பு நிறைய நடக்கிறது; உப்பு அதிகமாகிப் பிள்ளைக்கு ஆபத்து. இரண்டு பேருக்கு மேல் ஒரே நாளில் வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லுங்கள். சுகர், பிரஷர் மாத்திரைக்காரர்களின் பட்டியல் உங்கள் நோட்டில் இருக்கிறது; ஐந்து நாள் மாத்திரையைக் கோப்போடு ஒரே பையில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தால் அன்றைக்கு ஓட வேண்டியதில்லை.

மாலை வகுப்பு

ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணக்கும் ஆங்கிலமும்தான் தேவை. வாரம் மூன்று நாள், ஆறு மணி முதல் ஏழரை வரை. முகாமிலேயே படித்த பெண் பிள்ளைக்குச் சம்பளம் கொடுத்து நடத்தச் சொல்வது நாம் வாரம் ஒருமுறை போய் வருவதைவிட நிலைக்கும். 60 பிள்ளைகளுக்குச் சுண்டல் போட 3 கிலோ கடலை. அது இருந்தால் வருகை குறையாது.

பணம்

குழுப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, இருவர் கையெழுத்து. ஒருவர் சொந்த ஜிபே எண்ணுக்கு வாங்கினால் மூன்றாம் மாதமே கணக்கு குழம்பும், சிநேகமும் முறியும். கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் முகாம்காரர்களுடைய சொந்தக்காரர்கள் உங்கள் வேலையைக் கேள்விப்பட்டு, ‘உங்கட கணக்குக்கு அனுப்புறம்’ என்பார்கள். வாங்காதீர்கள். வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டம், 2010-இன் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாத குழு அந்தப் பணத்தைத் தொட்டாலே குற்றம். உறவினர் தம் குடும்பத்துக்குத் தனிப்பட்ட முறையில் அனுப்பிக்கொள்வது வேறு. அதில் நீங்கள் நடுவில் நிற்காதீர்கள். செலவுக் கணக்கை மாதம் ஒருமுறை தமிழில் எழுதி முகாமின் பொது இடத்தில் ஒட்டுங்கள். உங்களுக்குக் கொடுத்தவர்களுக்கு முன்னால் அவர்கள் பார்க்கட்டும்.

யாராவது இனி வாழப் பிடிக்கவில்லை என்கிற மாதிரிப் பேசினால் விளையாட்டாக எடுக்காதீர்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் பேசவைத்து, பேசி முடிக்கும் வரை பக்கத்தில் இருங்கள். ஆஸ்திரேலியாவுக்குப் படகு இருக்கிறது என்று பணம் கேட்கும் ஆள் வந்திருப்பது தெரிந்தால், கட்டிய பணம் போவதையும் கடலில் உயிர் போவதையும் வீட்டுப் பெண்களிடமும் சேர்த்துச் சொல்லுங்கள்.

குழு கலைகிற நாளும் வரும். வேலை மாறும், கல்யாணம் ஆகும், பணம் நிற்கும். சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். இரண்டு மாதம் முன்பே சொல்லி, மாலை வகுப்புச் சம்பளத்துக்கு வேறு வழி பார்த்து, பாதியில் நிற்கும் காகித வேலை எது எது, எந்த அலுவலகத்தில், எந்த மனு எண் என்று வீட்டுக்கு ஒரு சீட்டாக எழுதி அந்தந்தக் கோப்பில் வைத்து, வீட்டுப் பட்டியல் நோட்டை மகளிர் குழுவிடம் ஒப்படைத்துவிட்டு வாருங்கள்.